அறைகூவலும் அன்றாடமும்: ஈழத்து மக்கள் இயக்கங்களின் நிலைபேறு பற்றிய ஒரு நோக்கு

1

ஈழத்துத் தமிழ்ச் சமூகத்தில் தோன்றிய மக்கள் இயக்கங்களைப் பற்றி இதுகாறும் வெளிவந்துள்ள எழுத்துக்களை ஒருசேர நோக்குமிடத்து அவற்றுக்குப் பொதுவானதொரு பண்பு புலனாகின்றது. அவை பெரும்பாலும் நாள்களைப் பற்றிய எழுத்துக்களாகவே உள்ளன. ஊர்வலம் புறப்பட்ட நாள், தீர்மானம் நிறைவேறிய நாள், கோயில் வாயிலில் மோதல் நிகழ்ந்த நாள் என்பன அவற்றில் விரிவாக விபரிக்கப்படுகின்றன. அந்நாளுக்கு முந்திய மாதங்களில் யார் எவரிடம் சென்று பேசினர், அந்நாள் கழிந்து வீடு திரும்பியோர் அடுத்த கூட்டத்துக்கு ஏன் மீண்டும் வந்தனர், அல்லது ஏன் வராது விட்டனர் என்னும் வினாக்கள் அவற்றில் உரிய இடத்தைப் பெறவில்லை.

மக்கள் திரட்டப்படுதல் என்பதும் திரண்டவர் நிலைத்திருத்தல் என்பதும் வெவ்வேறு நிகழ்வுப் போக்குகள். முன்னதற்குக் கோபமும் நம்பிக்கையும் போதுமானவை. பின்னதற்கு அவை போதா. கோபம் தணியும், நம்பிக்கை தளரும், வயலும் கூலியும் பிள்ளைகளும் மனிதரை அழைத்துக்கொண்டேயிருக்கும். இவற்றுக்கிடையிலும் ஒருவர் இயக்கத்தில் தங்கியிருப்பாராயின் அதற்குரிய காரணத்தை அவரது மனவுறுதியில் மட்டும் தேடுவது ஆய்வாகாது. இயக்கம் அவருக்கு எத்தகைய வேலையைக் கொடுத்தது என்பதிலும் அதனைத் தேடவேண்டும்.

சாதாரண மனிதர் தமது அன்றாட வாழ்வினுள்ளேயே, தம் கையால் செய்யக்கூடிய ஒரு வேலையை எந்த இயக்கம் அவர்க்குப் பங்கிட்டளிக்கின்றதோ அவ்வியக்கமே நிலைக்கின்றது என்பது எமது கருத்தாகும். இக்கருத்தை மூன்று நிகழ்வுகளைக் கொண்டு பரிசோதிக்க முயல்கின்றோம். ஒன்று 1931 இல் யாழ்ப்பாணத்தில் நடந்த தேர்தற் பகிஷ்கரிப்பு. மற்றொன்று அதே ஆண்டில் மலையகத்தில் உருவான தொழிலாளர் சம்மேளனம். மூன்றாவது 1966 முதல் வடபுலத்தில் நிகழ்ந்த தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்கள். இறுதியாக, இப்போராட்டங்களிலிருந்து பிறந்த இலக்கியத்தையும் எமது காலத்து நிகழ்வுகள் சிலவற்றையும் இதே அளவுகோல் கொண்டு நோக்குவோம்.

2

1924 இல் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற அமைப்பு, இந்நாட்டின் முற்போக்குச் சிந்தனை வரலாற்றில் மிக உயர்ந்த இடத்துக்குரியது. பூரண சுயராச்சியக் கோரிக்கையை இலங்கையில் முன்வைத்தோருள் முதன்மையானவர்கள் அவர்கள். இனவாதத்தையும் சாதி வேறுபாட்டையும் ஆங்கில மோகத்தையும் ஒருங்கே கண்டித்தவர்கள். தமிழும் சிங்களமும் ஒருங்கே கற்பிக்கப்பட வேண்டுமென வாதாடியவர்கள். ஹன்டி பேரின்பநாயகம் அதன் உயிர்நாடியாக விளங்கினார். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தமைக்கு அவர்களது அழைப்பே காரணமாயிற்று. பாடசாலைகளில் சகல மாணவரும் சமமாக ஆசனங்களில் அமர வேண்டும் என்னும் கோரிக்கை வலுப்பெற்ற காலத்தில் அதன் பக்கமே அவர்கள் நின்றனர். சீலன் கதிர்காமர் முதலியோரின் முயற்சியால் இவ்வரலாறு இன்று நன்கு பதிவாகியுள்ளது.

டொனமூர் அரசியற் சீர்திருத்தம் பூரண சுயராச்சியத்தை வழங்கவில்லை என்ற காரணத்தால் 1931 இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு காங்கிரஸ் அறைகூவல் விடுத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. அறைகூவல் என்ற வகையில் இது முழுமையான வெற்றியாகும். எனினும் தெற்கிலுள்ள தலைவர்கள் அதனைப் பின்பற்றவில்லை. 1934 இல் இடைத்தேர்தல்கள் நடைபெற்று நான்கு ஆசனங்களும் நிரப்பப்பட்டன. அதன் பின்னர் காங்கிரஸின் செல்வாக்குப் படிப்படியாகத் தேய்ந்தது.

இத்தேய்வுக்குத் தெற்கின் ஒத்துழையாமையும் வகுப்புவாத அரசியலின் எழுச்சியுமே காரணங்களாகப் பொதுவாகக் கூறப்படுகின்றன. அவை உண்மையே. ஆயின் அப்பகிஷ்கரிப்பின் அமைப்பினையும் நாம் கவனித்தல் வேண்டும். நான்கு தொகுதிகளில் ஒரு தேர்தலை நிறுத்துவதற்கு ஒருசில வேட்பாளர் விலகி நின்றாற் போதும். பல்லாயிரம் வாக்காளர் செய்யவேண்டியது எதுவுமில்லை. அவர்கள் பார்வையாளர்களாகவே இருந்தனர். மேலும், சர்வசன வாக்குரிமை இந்நாட்டில் முதன்முதலாகப் பிரயோகிக்கப்பட்ட தேர்தல் அது. கல்வியும் காணியும் இல்லாதோர், பெண்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆகியோர் தம் வாழ்வில் முதன்முதலாக வாக்களிக்கவிருந்த சந்தர்ப்பம் அது. அவர்களது பெயரால், அவர்களைக் கேளாமலே, அந்த முதல் வாக்கு ஒத்திவைக்கப்பட்டது. இலட்சியம் உயர்ந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அவ்விலட்சியத்தில் மக்களுக்குக் கிடைத்த பங்கு, வீட்டிலிருத்தல் என்பதாகவே அமைந்தது. வீட்டிலிருக்கும்படி கேட்கப்பட்டவர் பின்னர் வெளியே வரும்படி அழைக்கப்படும்போது வருவர் என எதிர்பார்த்தல் இயலாது.

காங்கிரஸின் ஏனைய வேலைமுறைகளும் இத்தன்மையனவே. வருடாந்த மாநாடு, தலைமையுரை, தீர்மானம், பத்திரிகைக் கட்டுரை என்பன ஆசிரியரும் மாணவரும் இயல்பாகச் செய்யக்கூடிய வேலைகள். கல்லூரிச் சுவர்களுக்கு வெளியே தோட்டக்காரருக்கும் சீவற்றொழிலாளருக்கும் மீன்பிடிப்போருக்கும் அவற்றில் இடமிருக்கவில்லை. கல்லூரியை விட்டு உத்தியோகம் தேடிச் சென்ற இளைஞர் அவ்வேலைகளையும் கூடவே விட்டுச் செல்ல நேர்ந்தது.

3

யாழ்ப்பாணத்தில் இவ்வாறு பகிஷ்கரிப்பு நிகழ்ந்த அதே 1931 இல் ஹற்றன் நகரை மையமாகக் கொண்டு கோ. நடேசய்யர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அங்கே திரட்டப்பட வேண்டிய மக்கள் முற்றிலும் வேறு நிலையிலிருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் எழுத்தறிவற்றவர். அவர்கள் வாழ்ந்த லயன்களுக்குள் வெளியார் நுழைவது அத்துமீறலாகக் கொள்ளப்பட்டது. வேலை, கடன், கலியாணம், சாவு அனைத்திலும் கங்காணியின் அதிகாரம் நிலவிற்று. தோட்டங்களின் நிலையை அறிவதற்கு நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு உள்ளே சென்றார் என்பது அக்காலத்தின் கெடுபிடியை எமக்கு உணர்த்துகின்றது.

இந்நிலையில் துண்டுப் பிரசுரமும் தலைமையுரையும் அதிகம் பயன்படா. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மையார் கூட்டங்களிற் பாடினார். தொழிலாளரின் துயரத்தைப் பொருளாகக் கொண்ட பாடல்கள், சிந்து முதலிய பழகிய மெட்டுக்களில் இயற்றப்பட்டுச் சிறு பிரசுரங்களாக வெளியிடப்பட்டன. இதனை உணர்ச்சியூட்டும் உத்தியாக மட்டும் எமது விமர்சகர் பலர் கண்டுள்ளனர். நாம் அதனினும் மேலானதொன்றை இங்குக் காண்கின்றோம். ஒரு சொற்பொழிவைக் கேட்டவர் அதனைத் திருப்பிச் சொல்ல முடியாது. ஒரு பாட்டைக் கேட்டவர் அதனைத் தாமே பாடலாம். கூட்டத்துக்கு வந்த பெண் மறுநாள் கொழுந்து பறிக்கும்போது நிரையில் நின்று அதனை முணுமுணுக்கலாம். கூட்டத்துக்கு வராதவரிடமும் அப்பாட்டுச் சென்று சேரும். துரையோ கங்காணியோ அதனைக் கைப்பற்ற முடியாது. இவ்வாறு பாட்டு, கேட்போரைச் செய்வோராக மாற்றுகின்றது.

சந்தாவும் இத்தகையதே. தொழிலாளி தனது சொற்பக் கூலியிலிருந்து ஒரு சிறு தொகையைக் கொடுப்பதன் மூலம் சங்கத்துக்குப் பணம் சேர்கின்றது என்பது அதன் ஒரு பக்கம். கொடுத்தவர்க்குக் கணக்குக் கேட்கும் உரிமை பிறக்கின்றது என்பது மறுபக்கம். பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படும் ஒருவராக மட்டும் இருந்தவர், ஒரு பேரேட்டில் தமது விருப்பத்தின்படி பெயர் பதிந்தவராக ஆகின்றார்.

எனினும் அச்சம்மேளனமும் நீடித்து நிலைக்கவில்லை. அது பெரிதும் நடேசய்யர் தம்பதியினரின் தனிப்பட்ட ஆற்றலில் தங்கியிருந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் தாமே முடிவெடுக்கவல்ல கிளைகளை வளர்ப்பதற்கு முன்னரே பொருளாதார மந்தத்தின் கூலிக்குறைப்பும் முதலாளிமாரின் எதிர்ப்பும் அதனைத் தாக்கின. 1939 இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியதும் களம் மாறிற்று. பாடுவதற்குப் பாட்டும் கொடுப்பதற்குச் சந்தாவும் இருந்தன; முடிவெடுத்தல் என்னும் வேலை மட்டும் பங்கிடப்படவில்லை. அன்றாட வேலை என நாம் கூறுவதில் இந்த மூன்றாவது அம்சமும் அடங்கும் என்பதை இந்நிகழ்வு தெளிவுபடுத்துகின்றது.

4

மேற்கூறிய இரு நிகழ்வுகளிலும் குறையாக நின்றவை, ஓரளவுக்கேனும் ஒன்றுசேர்ந்தமையை 1966 இன் பின்னரான வடபுலத்தில் நாம் காண்கின்றோம். அதற்கு முன்னரே சிறுபான்மைத் தமிழர் மகாசபை 1940 கள் தொடக்கம் நீண்டகாலம் உழைத்திருந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் கிடைக்கச் செய்ததும் தேநீர்க் கடைகளைத் திறந்துவிடக் கோரியதும் அதன் பணிகள். 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறியது. பொது இடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றமாயிற்று. ஆயின் சட்டம் புத்தகத்திலிருந்தது. தேநீர் போத்தலிலும் தகரப் பேணியிலுமே தொடர்ந்து வழங்கப்பட்டது.

1966 ஒக்டோபர் 21 ஆம் நாள், சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையிற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம், பொலிசாரின் தாக்குதலுக்குள்ளான போதும் கலையாது யாழ்ப்பாணத்தை அடைந்தது. முற்றவெளியில் நடந்த கூட்டத்தில் நா. சண்முகதாசன் உரையாற்றினார். 1967 இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைப்புருப் பெற்றது. சங்கானை உட்படப் பல இடங்களில் தேநீர்க் கடைப் பிரவேசங்களும் அவற்றை எதிர்த்த வன்முறைகளும் நிகழ்ந்தன. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நிகழ்ந்த போராட்டம் நாடெங்கும் அறியப்பட்டது. கோயில் நுழைவைத் தடுத்து நின்ற சி. சுந்தரலிங்கத்தின் மீதான வழக்கு கோமறைக் கழகம் வரை சென்றது. வெகுஜனன், இராவணா ஆகியோர் எழுதிய நூலும் பிறையன் பவ்வன்பேர்கர் என்னும் மானிடவியலாளர் 1990 இல் வெளியிட்ட கட்டுரையும் இந்நிகழ்ச்சிகளை வேறுவேறு நிலைப்பாடுகளில் நின்று ஆராய்ந்துள்ளன.

இங்கு ஒரு கோட்பாட்டுப் பிரச்சினையை எடுத்துக்கொள்வது பொருந்தும். அமெரிக்கப் பொருளியலாளர் மான்சர் ஓல்சன் 1965 இல் வெளியிட்ட நூலொன்றில், பொதுநன்மைக்காகப் பெருங்கூட்டம் ஒன்றுசேர்தல் எளிதன்று என வாதித்தார். நன்மை கிடைத்தால் உழைத்தவருக்கும் உழையாதவருக்கும் அது ஒருங்கே கிடைக்கும். ஆதலால் தன்னலங் கருதும் ஒருவர் பிறரை உழைக்க விட்டுத் தாம் விலகியிருக்கவே விரும்புவார் என்பது அவரது தருக்கம். இத்தருக்கத்தை முதலாளித்துவ சிந்தனை எனத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்ட எவரும் அதிலுள்ள உண்மையை அனுபவத்தால் அறிவர்.

அவ்வாறாயின் கூலியையும் குடியிருப்பையும் உயிரையும் பணயம் வைத்துக் கிராமத்து மனிதர் ஏன் தேநீர்க் கடைக்குள் நுழைந்தனர்? அச்செயலின் அமைப்பே இதற்கு விடை தருகின்றது. கடைக்குள் சென்று, ஆசனத்தில் அமர்ந்து, கிளாசில் தேநீர் அருந்துதல் என்பது போராட்டமும் அதன் பயனும் ஒன்றாக இருக்கும் செயல். பகிஷ்கரிப்பில் பயன் எதிர்காலத்திலுள்ளது. தீர்மானத்தில் அது காகிதத்திலுள்ளது. இங்கோ அமர்ந்த அக்கணத்திலேயே அமர்ந்தவர் சமமானவராகின்றார். பிறர் தமக்காக அமர முடியாது. விலகியிருப்பவருக்கு அந்த அனுபவம் கிடைக்கமாட்டாது. மேலும், தேநீர் அருந்துதல் நாள்தோறும் செய்யப்படுவது. இன்று திறந்த கடையில் நாளையும் சென்று அமராவிடின் அது மீண்டும் மூடப்படும். எனவே வெற்றியைக் காப்பதற்கே ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் தேவைப்பட்டனர். ஒரு சொற்பொழிவாளரும் அறிவுறுத்தாமலே இயக்கம் மக்களை இவ்வாறு தன்னோடு பிணைத்துக்கொண்டது.

இரண்டாவதாக, எதிர்த்தரப்பின் பழிவாங்கல் அன்றாட வாழ்வைத் தாக்குவதாக அமைந்தமையால் அதற்கெதிரான தற்காப்பும் அன்றாட வேலையாயிற்று. வேலை மறுக்கப்பட்டோருக்கு உணவு, எரிக்கப்பட்ட வீட்டுக்குக் கிடுகு, கைதானோருக்குப் பிணை, வழக்குக்குப் பணம், இரவுக் காவல் என்பன ஒவ்வொன்றும் எவராலோ செய்யப்பட வேண்டியவை. பேசத் தெரியாதவர் காவலிருக்கலாம். காவலிருக்க முடியாத முதியவர் கிடுகு பின்னலாம். கிணறும் நீரும் பற்றிய பிரச்சினையிற் பெண்களின் பங்கு எத்துணை முக்கியமானது என்பதைக் கூறத் தேவையில்லை. தண்ணீருக்காகக் காத்து நிற்கும் வேலை அவர்கள் மீதே சுமத்தப்பட்டிருந்தது.

இவ்வியக்கத்தின் குறைபாடுகளையும் நாம் மறைத்தல் ஆகாது. தேநீர்க் கடைகளும் பல கோயில்களும் திறந்தமையோடு மக்களின் கையிலிருந்த வேலை முடிவடைந்தது. சாதியத்தின் அடித்தளமான காணியுடைமை, கூலியுறவு ஆகியவற்றுக்கு எதிராக நாள்தோறும் செய்யத்தக்க ஒரு புதிய வேலையை இயக்கம் கண்டுபிடிக்கவில்லை. 1971 இன் கிளர்ச்சியை அடுத்த அவசரகால அடக்குமுறை, கட்சியினுள் ஏற்பட்ட பிளவுகள், 1972 இன் அரசியலமைப்பினைத் தொடர்ந்து தீவிரமடைந்த தேசிய இனப்பிரச்சினை, 1976 இன் வட்டுக்கோட்டைத் தீர்மானம் ஆகியன புறக்காரணங்கள். அகக்காரணம் நாம் மேற்குறிப்பிட்டதே. மகாசபையின் முயற்சியால் எழுந்த பாடசாலைகள் இவ்விடத்து நினைவுகூரத்தக்கன. பாடசாலை ஒவ்வொரு காலையும் திறக்கப்பட வேண்டியது. ஆசிரியரும் பெற்றோரும் பிள்ளையும் ஒவ்வொரு நாளும் அதற்கு வேண்டும். போர்க்குணத்தில் மகாசபையை விஞ்சி நின்ற வெகுஜன இயக்கத்தினர், இவ்வகையில் அதனிடம் கற்கவேண்டியதும் இருந்தது.

5

இப்போராட்டங்கள் ஈழத்துப் புனைகதைக்கு வளமான பொருளை அளித்தன. செ. கணேசலிங்கனின் 'நீண்ட பயணம்' 1965 இலும் 'போர்க்கோலம்' 1969 இலும் வெளிவந்தன. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972 இல் வெளிவந்தது. டானியல் அவ்வியக்கத்தில் நேரடியாக ஈடுபட்டவர் என்பது யாவரும் அறிந்தது.

'பஞ்சமர்' பற்றிய விமர்சனங்களில் ஒரு குற்றச்சாட்டு மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. கதைக்கட்டு இறுக்கமற்றது, பாத்திரங்கள் மிகுதி, சம்பவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன, அது நாவலாக அமையாமல் ஆவணமாக அமைந்துவிட்டது என்பனவே அக்குற்றச்சாட்டு. கலைவாதிகள் மட்டுமன்றி முற்போக்கு விமர்சகர் சிலரும் இதனைத் தயக்கத்துடன் ஏற்றுக்கொண்டுள்ளனர். உள்ளடக்கத்தின் சிறப்புக்காக உருவத்தின் குறையை மன்னிக்கலாம் என்பது அவர்களது நிலைப்பாடு.

இம்மன்னிப்பு தேவையற்றது என நாம் கருதுகின்றோம். ஒரு தனிமனிதனின் எழுச்சியைக் கூறுவதற்கு இறுக்கமான கதைக்கட்டுப் பொருந்தும். தொடக்கம், நெருக்கடி, உச்சம் என்னும் அமைப்பு அவனது வாழ்வுக்கு இசையும். ஓர் அமைப்பின் வாழ்வு அத்தகையதன்று. அது பல பெயர்களாலும் சிறு சம்பவங்களாலும் திரும்பத்திரும்ப நிகழும் செயல்களாலும் ஆனது. எவர் இல்லாவிடினும் அடுத்தவர் அவ்விடத்துக்கு வருவார் என்பதே அதன் பலம். பாத்திரப் பெருக்கம் என விமர்சகர் குறைகூறுவது, அமைப்பு நிலைத்திருக்கும் முறையின் இலக்கிய வடிவமாகும். ஒரு மாபெரும் வீரனைப் படைத்து அவன்மேற் கதையைச் சுமத்தியிருந்தால் நாவல் செம்மையடைந்திருக்கலாம், வரலாறு பொய்யாகியிருக்கும். டானியலின் நடையில் தளர்ச்சி உண்டு, போதனை மிகும் இடங்களும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அவற்றை நாவலின் அமைப்போடு சேர்த்துக் குழப்புதல் தவறு.

என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' மேடைக்கு வந்த விதமும் எமது நோக்கில் முக்கியமானது. மாவிட்டபுரப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்ட இந்நாடகம் காத்தான் கூத்தின் மெட்டுக்களில் அமைந்து அரங்கேறியது. காத்தவராயன் கதை வடபுலத்துக் கிராமங்களில் ஊறிய கதை. சாதி தாண்டிய விருப்பும் அதற்கான தண்டனையும் அக்கதையிலேயே உள்ளன. பார்வையாளர் அம்மெட்டுக்களை முன்னரே அறிந்திருந்தனர். ஹற்றனிற் சிந்துப் பாடல்கள் செய்த வேலையை இங்குக் கூத்து மெட்டுச் செய்தது. கூத்து முடிந்த பின்னரும் பாட்டு ஊரில் தங்கும். கலை மக்களைத் திரட்டும் கருவி என்று கூறிப் பழகிவிட்டோம். கூட்டம் கலைந்த பின்னர் எது மக்களிடம் எஞ்சுகின்றது என்பதே கலையின் இயக்கப் பணியை அளக்கும் உண்மையான அளவுகோல்.

6

இவ்வாராய்ச்சி கடந்த காலத்தோடு முடிவடைவதன்று. 2022 ஏப்பிரில் 9 ஆம் நாள் தொடக்கம் காலிமுகத்திடலில் நிலைகொண்ட மக்கள், ஜூலை 9 இல் ஜனாதிபதி மாளிகையினுட் புகுந்தனர். அடுத்த சில நாள்களில் நாட்டின் தலைவர் நாட்டை விட்டு வெளியேறிப் பதவி துறந்தார். திரட்டல் என்ற வகையில் இலங்கை வரலாற்றில் அதற்கு ஈடில்லை. கூடாரங்கள் நின்ற காலத்தில் அங்கே சமையலும் நூலகமும் மருத்துவ உதவியும் இருந்தன. வந்தவருக்கெல்லாம் செய்வதற்கு ஏதோவொன்றிருந்தது. ஆயினும் அவ்வேலைகள் யாவும் அத்திடலின் வேலைகள். வந்தோர் தத்தம் ஊரிலும் தொழிலிலும் தொடரக்கூடியனவாக அவை அமையவில்லை. ஜூலை 22 அதிகாலையில் படையினர் அவ்விடத்தை அகற்றியபோது இடத்தோடு வேலையும் அற்றுப்போயிற்று. தலைவரை வீட்டுக்கு அனுப்புதல் என்ற ஒற்றைக் கோரிக்கை நிறைவேறியமையும் அதே விளைவைத் தந்தது.

இதனோடு 2017 இல் வடக்கில் தோன்றிய இரு போராட்டங்களை ஒப்பிடலாம். கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள் தம் காணிகளைக் கேட்டு ஜனவரி இறுதியில் விமானப் படை முகாமின் முன் அமர்ந்தனர். குடும்பங்களாக அங்கேயே சமைத்து, உண்டு, உறங்கினர். ஒரு மாதத்தில் அக்காணிகள் விடுவிக்கப்பட்டன. அன்றாட வாழ்வையே வாயிலுக்கு இடம்மாற்றிய போராட்டம் அது. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 இற் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டமோ வேறு வகையினது. அவர்கள் கேட்ட விடை இன்றுவரை கிடைக்கவில்லை. விடை காணாமலே பெற்றோர் பலர் மறைந்துவிட்டனர். ஆயினும் ஆண்டுக்கணக்கில் அது தொடர்ந்தது. சுழற்சி முறையில் அமர்தல், நாள்களை எண்ணி எழுதுதல், நிழற்படங்களைக் கையில் ஏந்தி நிற்றல் என்னும் எளிய முறைகளில் அத்தாய்மார் ஒருவர் வேலையை மற்றவர் பொறுப்பேற்றனர். ஒரு தாய் நோயுற்றால் அவர் மகனின் படத்தை அயலிலிருக்கும் தாய் ஏந்துகின்றார். எமது கட்சிகளும் அறிவாளர் சபைகளும் கண்டறியத் தவறிய ஓர் அமைப்பு முறையை அவர்கள் தம் துயரத்தினூடே கண்டறிந்துள்ளனர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். நிலைத்திருத்தல் தன்னளவிலேயே வெற்றியாகாது. கேப்பாப்புலவின் கோரிக்கை ஒரு வேலியைத் திறப்பதால் நிறைவேறக்கூடியது. காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய கோரிக்கை அரசின் முழு மனமாற்றத்தை வேண்டுவது. நீண்ட காலம் அமர்ந்திருத்தல் அமர்ந்திருப்போரைத் தனிமைப்படுத்தவுங்கூடும். தெருவோரக் கொட்டகை ஒன்றைக் கண்டும் காணாமலும் கடந்துபோகச் சமூகம் பழகிவிடுகின்றது. அத்தாய்மாரின் வேலையிற் பங்கெடுக்க ஏனையோருக்கு ஒரு வழி வகுக்கப்படாமையே இதற்குக் காரணம். அப்பொறுப்பை அவர்கள் மீது சுமத்துதல் நியாயமன்று. அது எம்மைப் போன்றோரின், குறிப்பாகப் பல்கலைக்கழகங்களின் பொறுப்பு.

அப்பொறுப்பின் ஒரு பகுதி ஆய்வு சார்ந்தது. ஊர்வலங்களின் நிழற்படங்களும் தலைவர்களின் உரைகளும் ஓரளவுக்குப் பேணப்பட்டுள்ளன. சந்தாப் பற்றுச்சீட்டு, கூட்டக் குறிப்பேடு, வழக்கு நிதிக் கணக்கு, பாட்டுப் பிரசுரம், இரவுக் காவல் முறைப் பட்டியல் என்பன வீடுகளின் பெட்டிகளுக்குள் அழிந்துகொண்டிருக்கின்றன. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டதன் பின்னர் அச்சிட்ட நூல்களைத் தேடிச் சேர்ப்பதில் நாம் காட்டிய அக்கறையை இத்தாள்கள் மீதும் காட்டவேண்டும். மக்கள் எவ்வாறு தங்கினர் என்ற வினாவுக்கு விடை இவற்றிலேதான் உள்ளது.

மற்றொரு பகுதி நடைமுறை சார்ந்தது. இனிமேல் எமது மண்டபங்களில் எந்தவொரு தீர்மானத்தை முன்மொழிபவரும், இதனை ஏற்றுக்கொள்ளும் ஒருவர் நாளைக் காலை தமது ஊரில் எதனைச் செய்யவேண்டும் என்ற கேள்விக்கு முதலில் விடை கூறட்டும். விடை இல்லாத தீர்மானம் எவ்வளவு புரட்சிகரமாக எழுதப்பட்டிருப்பினும், அது மக்களை வீட்டிலிருக்கச் சொல்லும் தீர்மானமே.